வரும், வரலாம், பார்ப்போம்

ஆப்பிரிக்காவில், செம்புச் சுரங்கங்கள் சூழ்ந்த கிட்வே நகரத்தில் சிம்வெம்வே சந்தைக்குப் பின்னால், மினிபஸ் திரும்புகிற முனையில் ஒரு நீலக் கண்டெய்னர் நிற்கிறது. உள்ளே இரண்டு டிவி, இரண்டு பழைய கேம் பெட்டி, ஒரு நீள பெஞ்சு. வெளியே தகரக் கூரை இறக்கி, அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் பா ஜெரே. பெரியவர்கள் பெயருக்கு முன்னால் நாங்கள் ஒரு ‘பா’ சேர்த்துக்கொள்வோம். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கும்.

அந்தப் பலகையில் சனிக்கிழமை தோறும் வீடியோ கேம் செய்தி எழுதுகிறவள் மும்பி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம், சுரங்க அளவைப் படிப்பு. பூமிக்கு அடியில் எவ்வளவு தூரம் தோண்டியிருக்கிறார்கள், இன்னும் எங்கே தோண்டலாம் என்று அளந்து சொல்கிற வேலை. வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். ஆனால் கல்லூரி வைஃபை கிடைத்த நிமிஷத்தில் அவள் முதலில் திறப்பது பாடப் புத்தகத்தை இல்லை. எந்தக் கம்பெனி என்ன கேம் அறிவித்திருக்கிறது, எது எப்போது வருகிறது, எது தள்ளிப்போனது என்று ஒன்று விடாமல் படிப்பாள். டிரெய்லரை மிகச் சின்னதாக வைத்துப் பார்ப்பாள், டேட்டா தீர்ந்துவிடக் கூடாதே என்று.

மற்ற கேம் கடைகளில் பலகை இருந்தால் அதில் கால்பந்து மேட்ச் நேரம் இருக்கும். இங்கே மட்டும்தான் செய்தி. பலகையை மூன்றாகப் பிரித்து மேலே மூன்று தலைப்பு போட்டிருப்பாள்: வரும். வரலாம். வந்தா பார்ப்போம்.

தேதி சொல்லி, சொன்ன தேதியை ஒரு தடவையும் மாற்றாத கேம் ‘வரும்’ பகுதிக்குப் போகும். அதை ஏற்றுவதற்கு முன் மூன்று இடத்தில் படித்து உறுதி செய்வாள். வருஷம் மட்டும் சொல்லித் தேதி சொல்லாதது ‘வரலாம்’. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரெய்லரைக் காட்டிவிட்டுக் காணாமல் போனதெல்லாம் ‘வந்தா பார்ப்போம்’. ஜெரேயின் பழைய பெட்டியில் ஓடக்கூடிய கேம் என்றால் பக்கத்தில் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் வருவது அபூர்வம். வட்டம் இல்லாத வாரங்களிலும் பையன்கள் கூட்டமாக நின்று படித்தார்கள். கையில் கிடைக்காவிட்டால் என்ன, உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டாமா?

எல்லாச் செய்திக்கும் மும்பியிடம் ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஒரு கேம் தள்ளிப்போனது என்றால் எல்லோரும் கத்துவார்கள். அவள் கத்த மாட்டாள். அளக்காமல் தோண்டினால் கீழே நிற்கிறவன் தலையில் விழும், இன்னொரு தடவை அளக்கிறார்கள் என்றால் அளக்கட்டும் என்பாள். பத்து வருஷத்துக்கு முந்தைய கேமையே புல்லைப் பச்சையாக்கி, முகத்தைப் பளபளப்பாக்கி மறுபடி விற்கிறார்களே, அதுதான் அவளுக்குப் பிடிக்காது. அவள் அக்கா கலுபா சந்தையில் பழைய துணி விற்கிறவள். அக்காகூட இஸ்திரி போட்ட பழைய சட்டையைப் புதுசு என்று சொல்லி விற்றதில்லை என்று சொல்லிக் காட்டுவாள். நன்றாக விற்ற கேமைச் செய்தவர்களையே மறு மாதம் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்ற செய்தி வரும் வாரங்களில் அவள் எழுத்து கொஞ்சம் சிறுத்துவிடும். கேம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மற்றவர்கள் எழுந்து போவார்கள். அவள் கடைசிப் பெயர் வரை உட்கார்ந்து படிப்பாள்.

இன்னொன்று. கேம்களில் ஆப்பிரிக்கா வந்தால் அது ஒரு புழுதி ஊராக இருக்கும். துப்பாக்கியோடு ஓடி வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்காது. இதைப் பற்றி மட்டும் அவள் பலகையில் எழுதியதில்லை. எந்தத் தலைப்பின் கீழே எழுதுவது?

ஜெரே முன்னாளில் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர். கடை அவருடையது என்றாலும் கேம் ஆடத் தெரியாது. ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுத்தால் முட்டையைப் பிடிப்பது போலப் பிடிப்பார். ஆனால் பலகையை முதலில் படிக்கிறவர் அவர்தான். அந்தக் கம்பெனி எந்த ஊர், தள்ளிப்போனதற்கு என்ன காரணம் சொன்னார்கள், உண்மைக் காரணம் என்னவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கேட்பதை ஒழுங்காகக் கேட்க மாட்டார். அவர் ங்கோனி இனம், மும்பி பெம்பா இனம்.

பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலி முறை உண்டு. தாத்தாக்களுக்குத் தாத்தா காலத்தில் இரண்டு கூட்டமும் ஈட்டி எடுத்து அடித்துக்கொண்டது. அது முடிந்த பிறகு வாயால் மட்டும் அடித்துக்கொள்வது என்று ஆகிவிட்டது. எங்கே சந்தித்தாலும் ஒருவரை ஒருவர் திட்டலாம். பெம்பாக்காரர்கள் குரங்கு தின்பவர்கள், ங்கோனிக்காரர்கள் எலி தின்பவர்கள் என்பதில் ஆரம்பித்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். வயசு, பதவி எதுவும் குறுக்கே வராது. சாவு வீட்டிலும் திட்டலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது. முறைக்காரரிடம் மன்னிப்பும் கேட்கக் கூடாது. கேட்டால் முறை வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

அதனால் சனிக்கிழமை காலை மும்பி வந்ததும் இப்படித்தான் தொடங்கும்.

“வந்துட்டியா குரங்குக் குடும்பம். வர்ற வழியில மரம் ஏதும் இல்லையா, சீக்கிரம் வந்துட்ட?”

“ராஜ வம்சம் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்குன்னு சொன்னாங்க, பாக்க வந்தேன். காலையில எத்தனை எலி ஆச்சு, பா ஜெரே?”

ஜெரே என்பது ங்கோனி அரசர்களின் குலப் பெயர். அதைச் சொன்னால் அவருக்கு உள்ளுக்குள் இனிக்கும். வெளியே காட்டாமல் அவளை இன்னும் நாலு திட்டு திட்டுவார்.

நவம்பரில் ஜெரேவுக்குப் பேரன் பிறந்தான். முதல் பேரன். மகள் நொசீபோ கிழக்கே சிப்பாட்டாவில் புருஷன் வீட்டில் இருந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட ஜெரேயின் மனைவி அங்கே போய்விட்டாள், மூன்று மாசத்துக்கு. இவர் இங்கே தனியாகச் சோள மாவில் ன்ஷிமாக் களி கிளறித் தின்றுகொண்டு, சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனில் குழந்தையின் படம் பதினாறு. குழந்தை தும்முகிற வீடியோ ஒன்று. ஐந்து விநாடிதான் ஓடும். கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டினார். மினிபஸ் கண்டக்டர் சான்சா தினமும் மதியம் கால்பந்து கேம் ஆட வருவான். அவன் அந்தத் தும்மலை இருபது தடவை பார்த்திருப்பான். தும்மிய பிறகு குழந்தை தன் தும்மலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு இரண்டு கையையும் விரிக்கும். அந்த இடம் வந்ததும் ஜெரே ஒவ்வொரு தடவையும் முதல் தடவை பார்ப்பது போலவே சிரித்தார்.

மும்பிக்கும் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, தலையில் முடி இல்லை, பல் இல்லை, அப்படியே தாத்தா என்றாள். அவர் சந்தோஷத்தில் திட்டவே மறந்துபோனார்.

அந்த மாதக் கடைசியில் செய்தி வறண்டுபோனது. வருகிற கேம் எல்லாம் தள்ளிப்போயிருந்தது. மும்பி மறுநாள் அளவைப் பயிற்சிக்காக வகுப்போடு ஒரு வாரம் சுரங்க முகாமுக்குப் போக வேண்டும். பலகையின் ‘வரும்’ பகுதி காலியாகக் கிடந்தது. சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரு விளையாட்டு புத்தி வந்தது.

ஜெரே ஒரு நாள் தன் முன்னோர் கதையைச் சொல்லியிருந்தார். தெற்கிலிருந்து கிளம்பிய ங்கோனிக் கூட்டம், மாடு கன்றோடு, கேடயத்தோடு வந்து, சூரியன் இருண்ட கிரகண நாளில் சாம்பேசி ஆற்றைக் கடந்தது. அந்தக் கதையை எடுத்து அவள் கேம் செய்தியாக்கினாள். பெரிய கம்பெனி ஒன்று அறிவித்திருப்பதாக எழுதினாள். ஆடுகிறவர் ஒரு ங்கோனி இளைஞன். கிரகணம் முடிவதற்குள் கூட்டத்தை ஆற்றின் அந்தப் பக்கம் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு, ஒவ்வொரு கேடயத்துக்கும் ஒரு மாட்டுத் தோல் நிறம் உண்டு. பிப்ரவரியில், ங்கோனி மக்களின் முதல் விளைச்சல் திருவிழாவன்று வெளிவரும். பக்கத்தில் பெரிய வட்டம்.

அடுத்த வாரம் இரண்டாம் பாகத்தை எழுதுவதாக இருந்தாள். ஆற்றைக் கடந்தது எதற்காக என்றால் அந்தக் கரையில் எலி கொழுத்திருந்ததால்தான், முதல் ஆட்டத்தில் நூறு எலி பிடித்தால்தான் கேடயம் கிடைக்கும் என்று எழுதுவாள். ஜெரே நாற்காலியிலிருந்து விழுந்து சிரிப்பார். அவ்வளவுதான் அவள் யோசனை. முறைக்காரி எழுதினால் அவர் வேடிக்கை என்று முதலிலேயே பிடித்துவிடுவார் என்றும் நினைத்தாள்.

அங்கேதான் தவறு நடந்தது. முறைக்காரர் வேடிக்கை என்றால் அதில் திட்டு இருக்க வேண்டும். அவள் எழுதியதில் ஒரு திட்டுகூட இல்லை. எந்தப் பெம்பாவும் விளையாட்டுக்குக்கூட ங்கோனியைப் புகழ்ந்து நாலு வரி எழுத மாட்டான். புகழ்ந்திருக்கிறாள் என்றால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் ‘வரும்’ பகுதியில்.

ஒரு வாரம் கழித்து மும்பி வந்தபோது ஜெரே இஸ்திரி போட்ட சட்டையில் நின்றுகொண்டிருந்தார். கண்டெய்னர் சுவரில், பலகைக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு கேடயம் வரைந்திருந்தது. கருப்பும் வெள்ளையும். பலகையில் அவள் எழுத்து ஒரு தூசி கலையாமல் அப்படியே இருந்தது. யாரும் சாய்ந்துவிடக் கூடாது என்று முன்னால் இரண்டு கல் வைத்துக் கயிறு கட்டியிருந்தார்.

அவர் பேசிக்கொண்டே போனார். சிப்பாட்டாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். மனைவியிடம், மகளிடம், மருமகனிடம், மருமகனின் பெரியப்பாவிடம். தன் அப்பா சொன்ன கதையை உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஆடப் போகிறார்கள் என்றாராம். ஜப்பானில் ஒரு பிள்ளை, பிரேசிலில் ஒரு பிள்ளை, எல்லோரும் எங்கள் ஆற்றைக் கடப்பார்கள் என்றாராம். அன்றைக்கு அவர் அவளைக் குரங்கு என்று கூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“எங்க பொடியன் அதை ஆடணும்னா எத்தனை வயசு ஆகணும் மும்பி? கை எப்ப பிடிக்கும்?”

இரண்டாம் பாகத்தை அவள் எடுக்கவே இல்லை. ஏழு வயசு என்றாள். அவர் விரல் விட்டு எண்ணினார். அப்போது எனக்கு எழுபது, இருப்பேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். கலுபா துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். எங்கள் ஆட்கள் ஒரு ங்கோனியை இவ்வளவு அழகாக ஏமாற்றியதே இல்லை, ஓடிப் போய்ச் சொல், அவரும் சிரிப்பார் என்றாள். சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவிடம் அவள் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த நாலு வரியை எழுதும்போது அவளுக்கு வேடிக்கையாகவே இல்லை. ஒவ்வொரு வீரனுக்கும் பெயர் உண்டு என்று எழுதியபோது, இப்படி ஒரு கேம் வந்தால் என்ன என்று அவள் கை கொஞ்சம் நின்று எழுதியது.

செவ்வாய்க்கிழமை போனாள். நின்றபடியே சொல்லிவிட்டாள். அந்தக் கேம் கிடையாது, நான் உங்களைக் கேலி பண்ண எழுதினேன், எலி வருகிற பகுதியை எழுதுவதற்குள் முகாமுக்குப் போய்விட்டேன் என்று.

ஜெரே அவளையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். நல்ல அடி, முறைக்காரி நல்ல அடி அடித்துவிட்டாள் என்றார். சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்தார். எழுந்து ஈரத் துணி எடுத்து வந்து பலகையைத் துடைத்தார். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். கல்லை ஓரமாகத் தள்ளினார். மும்பிக்கு அப்பாடா என்றிருந்தது.

அது சனிக்கிழமை வரைதான். அன்று அவள் வந்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“வாங்கம்மா. நல்லா இருக்கீங்களா? வீட்ல அக்கா சௌக்கியமா?”

அவள் வழக்கம்போல எலியைப் பற்றி ஏதோ சொன்னாள். அவர் புன்னகை செய்தார். ஆமாம், எங்கள் பக்கம் அந்தப் பழக்கம் உண்டு என்று ஆசிரியரிடம் சொல்வது போலச் சொன்னார். அவள் எழுதி முடித்ததும் நன்றி என்றார். எதுவும் கேட்கவில்லை. தள்ளிப்போன கேமுக்கு உண்மைக் காரணம் என்ன என்று கேட்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் வாரமும் அப்படித்தான். நீங்க, வாங்க, உக்காருங்க. அவர் அவளைத் திட்டியிருந்தால் அவள் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். இது என்ன தண்டனை என்றே அவளுக்குப் புரியவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், பா ஜெரே, நான் செய்தது என்று ஆரம்பித்தாள். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

“அதெல்லாம் எதுக்குங்க? முறைக்காரங்க நாம.”

முறைக்காரர் என்று சொன்னார், ‘ங்க’ போட்டுச் சொன்னார். அந்த இரண்டு எழுத்து அவளுக்குக் கதவைச் சாத்தியது போல இருந்தது. கோபிக்க அவருக்கு வழியில்லை, மன்னிப்புக் கேட்க அவளுக்கு வழியில்லை. இரண்டு பேரும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். வாரம் முழுக்க அவள் கேம் செய்தி படித்தாள். ஒரு பெரிய கம்பெனி புதுப் பெட்டியை அறிவித்தது. பையன்கள் ஒரு வாரம் பேசுவார்கள். அவளுக்கு அது கறி இல்லாத ன்ஷிமா மாதிரி இருந்தது. இதையெல்லாம் யாரிடம் சொல்வதற்காக இத்தனை நாள் படித்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜனவரியில் ஒரு மதியம் சான்சாவின் மினிபஸ்ஸில் கல்லூரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கதவில் தொங்கிக்கொண்டே அவன் பேச்சு கொடுத்தான். கிழவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். சிப்பாட்டாவிலிருந்து போன் வந்தால் முன்பெல்லாம் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கவைப்பார், இப்போது எழுந்து வெளியே போய்விடுகிறார் என்றான். கடைசியாக ஸ்பீக்கரில் வந்த போனை அவனும் பெஞ்சில் இருந்த எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மருமகனின் பெரியப்பா பேசினாராம், அந்தக் கேமைப் போனில் தேடிப் பார்த்துவிட்டு. பேரன் பிறந்த சந்தோஷத்தில் சம்பந்திக்கு மூளை இளகிவிட்டது, இல்லாத கேமைப் பலகையில் படிக்கிறார் என்று சொல்லி அங்கே ஒரு வீடே சிரித்ததாம்.

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று மும்பி கேட்டாள்.

“கண்ணாடி போடாம படிச்சேன், தப்பாப் படிச்சுட்டேன்னாரு. பலகையில தப்பு இல்ல, எழுதற பொண்ணு ஒரு தப்பும் எழுத மாட்டான்னாரு.”

மும்பி இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. முறைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சம்பந்தி வீட்டுச் சிரிப்பு அவள் பக்கம் திரும்பியிருக்கும். அவர் சொல்லவில்லை. சொன்னால் பலகையின் பெயர் போகும் என்று நினைத்திருக்கிறார்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. மும்பி குடை பிடித்துக்கொண்டு சீக்கிரமே போனாள். ஜெரே இன்னும் வரவில்லை. தகரக் கூரையின் அடியில் நின்று பலகையின் மூன்று தலைப்பையும் அழித்தாள். மூன்று பகுதிக்கும் குறுக்கே, ஒரே செய்தியாக, பெரிதாக எழுதினாள்.

‘நவம்பரில் வரும் பகுதியில் போட்ட ங்கோனி கேம் கிடையாது. எந்தக் கம்பெனியும் அதைச் செய்யவில்லை. மும்பியாகிய நான் இட்டுக்கட்டினேன். பா ஜெரே சரியாகத்தான் படித்தார். இந்த வாரம் வேறு செய்தி இல்லை.’

முறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. ஆனால் செய்தி பொய் என்றால் செய்தியைத் திருத்தலாம். அதைத் தடுக்கிற முறை எதுவும் கிடையாது. நேற்று முழுக்க யோசித்து அவள் கண்டுபிடித்த வழி இது.

முதலில் வந்தது பையன்கள். படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படியானால் குத்துச்சண்டை கேம் தள்ளிப்போனது உண்மையா என்று ஒருவன் கேட்டான். உண்மை என்றாள். கார் கேமுக்கு இரவு மழை உண்டு என்று எழுதியது? உண்மை. இதை நாங்கள் எப்படி நம்புவது என்று இன்னொருவன் கேட்டான். அவள் போனை எடுத்துக் காட்டினாள். வேறு ஒருவன் இனி வேறு கடையில் விசாரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மழையில் போய்விட்டான். ஒன்றரை வருஷமாக ஒரு தேதிகூடத் தவறாமல் சேர்த்த பெயர் அவள் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள்.

ஜெரே வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு நின்றார். விரலை ஒவ்வொரு வார்த்தையின் அடியிலும் வைத்துப் படித்தார். உள்ளே போனார். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மறுபடி படித்தார். பிறகு போனை எடுத்து, பலகை முழுவதும் வருகிற மாதிரி பின்னால் போய், மழையில் நின்று ஒரு படம் எடுத்தார். அதை யாருக்கோ அனுப்பினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூரை மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பையன்கள்கூட உள்ளே ஆட்டத்தைத் தொடங்காமல் நின்றார்கள்.

போன் அடித்தது. ஜெரே அதைப் பார்த்தார், மும்பியைப் பார்த்தார், ஸ்பீக்கரில் போட்டார்.

“அந்தக் குரங்கு அங்கதான் நிக்குதாப்பா?” நொசீபோவின் குரல். பின்னால் ஒரு குழந்தை வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது.

“இங்கதான் நிக்குது. வாலை மட்டும் மறைச்சிருக்கு.”

“ஏய் மும்பி. எங்க அப்பாவைப் பைத்தியம்னு சொல்ல வெச்சியே, படுபாவி. பெரியப்பா வாயைத் திறக்காம உக்காந்திருக்காரு இப்ப. அவரை அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்கேன். சரி, இதைக் கேளு. உன் புருஷன் ஒரு மணி நேரமாக் கத்தறான். ரெண்டு மாசக் குழந்தைக்கு என்ன கேம் போட்டா தூங்கும்? செய்தி படிக்கிறவதானே நீ, சொல்லு.”

முறைக்காரர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தால் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவன் புருஷன்தான். ஆனாலும் அதை எதிர்பார்க்காத மும்பிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“எலி கிடைக்காமக் கத்தறான் போல இருக்கு. ஒண்ணு வாயில வைங்க, தூங்கிடுவான்.”

அந்தப் பக்கம் யார் யாரோ சிரித்தார்கள். ஜெரேயின் மனைவி போனை வாங்கிக்கொண்டு கணவரை, இன்றைக்காவது கீரை வைத்தீரா, தினமும் காய்ந்த மீன்தானா என்று விசாரித்தாள். பிறகு அவர்கள் குழந்தையின் வாய்க்கு நேரே போனைப் பிடித்தார்கள். கண்டெய்னர் முழுக்க அந்த அழுகை ஒலித்தது. ஜெரே கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அது தானாக ஓயும் வரை போனை வைக்கவில்லை.

வைத்த பிறகு எழுந்து பலகையின் முன்னால் போய் நின்றார்.

“கோணல் எழுத்து,” என்றார். “குரங்கா சொல்லிக் குடுத்துச்சு உனக்கு? இது திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டும். எல்லாரும் படிக்கட்டும். அந்தப் புதுப் பெட்டி அறிவிச்சானே, அது என்ன விலைக்கு விப்பான்னு நீ நினைக்கிற? இத்தனை வாரமா அதைக் கேக்கணும்னு எனக்கு நாக்கு அரிக்குது.”

அவள் சொன்னாள். அவர் குறுக்கே கேட்டார். அவ்வளவு விலை வைத்தால் எவன் வாங்குவான் என்றார். அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. பையன்கள் பொறுமை இழந்து உள்ளே போய் டிவியைப் போட்டார்கள். இவர்கள் பேச்சு முடியவில்லை.

மதியம் மின்சாரம் போயிற்று. கடையை இழுத்துச் சாத்தினார் ஜெரே. மழை விட்டபாடில்லை. பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த மும்பியின் குடையை எடுத்தார். பட்டென்று விரித்தார். அவளைத் திரும்பியும் பார்க்காமல், சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துச் சந்தைப் பக்கம் நடந்தார். முறைக்காரர் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போகலாம். மூன்றாம் மனிதர்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மும்பி ஒரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கதவைத் திறந்த அக்கா, குடை எங்கேடி என்றாள்.

“பா ஜெரே எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“உன்னைக் கேட்டுட்டா?”

“கேக்கவே இல்லக்கா.”

கலுபா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு விற்க வைத்திருந்த மூட்டையிலிருந்து நல்ல துண்டாக ஒன்றை உருவி அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.